கணினிப் பேரேட்டில் களையெடுப்பு



தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். கொழுந்தெடுக்கும் சுற்று ஒரு முறை தவறினால் இலை முற்றிவிடும். களையெடுப்பு ஒரு முறை தவறினால், கேமரன் மலையின் மழையிலும் ஈரத்திலும் களை செடியை மூடிவிடும். பிறகு இரண்டு நாள் வேலை இரண்டு வார வேலையாகிவிடும். தோட்டத்திற்குரிய இந்த நியதி கணினிக்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதை எடுத்துக்காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சேமிப்புச் சங்கம், மருந்தகம், எடை நிலையம், பள்ளி அலுவலகம் என்று எங்கும் பழைய பேரேடுகளின் இடத்தில் இன்று கணினி அமர்ந்திருக்கிறது. கணினிக்குள் இருக்கும் அந்தப் பேரேடுகளின் தொகுப்பையே தரவுத்தளம் என்கிறோம். ஏட்டில் பக்கமும் வரியும் இருப்பதுபோல, தரவுத்தளத்தில் அட்டவணையும் அட்டவணைக்குள் வரிகளும் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு இத்தகைய கணினிகளைப் பராமரிக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களை நம்பித் தம் கணக்கை ஒப்படைத்திருக்கும் நமக்கும் இச்செய்தி பயன்படும்.

முதலில் நாங்கள் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். தோட்டத் தொழிலாளர் பலர் உறுப்பினராக உள்ள ஒரு சேமிப்புச் சங்கம். மாதக் கடைசி நாள். மகளின் படிப்புக் கட்டணத்திற்காகத் தம் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க ஒரு தாய் அரை நாள் விடுப்பில் வந்திருந்தார். எழுத்தர் அவருடைய உறுப்பினர் எண்ணைத் தட்டினார். திரை அசையவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கழிந்தது. வரிசை வாசல்வரை நீண்டது. “கணினி மெதுவாக இருக்கிறது அம்மா, நாளைக்கு வாருங்கள்” என்ற பதிலோடு அவர் திரும்பினார். மறுநாளும் அவருக்கு வேலை கெட்டது, கூலியும் போயிற்று.

சங்கத்தின் செயலவை கூடியது. கணினி பழையதாகிவிட்டது, உறுப்பினர் பணத்தில் புதிய கணினி வாங்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. எங்கள் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் அந்நேரம் ஊருக்கு வந்திருந்தார். அவரைக் கேட்டுப் பார்க்கலாமே என்றோம். அவர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, “ஐயா, கணினிக்கு நோய் ஒன்றும் இல்லை. உள்ளே யாரும் கூட்டிப் பெருக்கவில்லை” என்றார்.

கணினிக்குள் கூட்டிப் பெருக்குவதா? இதைப் புரிந்துகொள்ள, பழைய தோட்டத்துக் கிராணியாரின் பெயர்ப் பதிவு ஏட்டை நினைவுக்குக் கொண்டுவருவோம். ஒருவருக்குத் தவறாக எழுதிய கூலியை அவர் அழிக்கமாட்டார். பழைய வரியின்மேல் கோடிட்டு, கீழே புதிய வரி எழுதுவார். தணிக்கையாளர் வந்தால் இரண்டையும் பார்க்கலாம்.

அச்சங்கம் பயன்படுத்திய தரவுத்தளத்தின் பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல். சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்பார்கள். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் இதன் மூல ஆய்வு தொடங்கிற்று. 1996இல் இன்றைய முழுப்பெயர் வந்தது. விலை கொடுக்காமல் எவரும் பயன்படுத்தலாம்; உள்ளே எழுதப்பட்டிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். ஆகவே சிறிய சங்கங்கள் முதல் பெரிய நிறுவனங்கள் வரை இதனை ஏற்றுக்கொண்டுள்ளன.

இத்தரவுத்தளமும் கிராணியாரைப் போலவே நடந்துகொள்கிறது. ஓர் உறுப்பினரின் இருப்பு 500 வெள்ளியிலிருந்து 550 வெள்ளியாக உயர்ந்தால், 500 என்ற வரியை அது அழிப்பதில்லை. 550 என்று புதிய வரி ஒன்றை எழுதிக்கொள்கிறது. ஏன் இப்படி? அதே வேளையில் வேறொரு மேசையில் ஒருவர் எல்லா உறுப்பினரின் இருப்பையும் கூட்டிக்கொண்டிருக்கலாம். கூட்டல் பாதியில் இருக்கும்போது எண்கள் மாறினால் கணக்கு குழம்பிவிடும். பழைய வரி இருப்பதால், கூட்டுபவர் தாம் தொடங்கிய நேரத்துக் கணக்கையே கடைசிவரை காண்கிறார். எழுதுபவரும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் கூட்டல் முடிந்த பிறகு அந்தப் பழைய வரியால் யாருக்கும் பயனில்லை. அதைச் செத்த வரி என்கிறார்கள். அதை எடுத்தெறிய ஒருவர் வராவிட்டால் அது ஏட்டிலேயே கிடக்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தில் 40,000 உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு ஒருவருக்கு இரண்டு வரவு செலவு என்றால், மாதத்தில் 80,000 முறை இருப்பு மாறுகிறது. ஓராண்டில் 960,000 பழைய வரிகள். அதாவது உயிருள்ள ஒரு வரிக்கு 24 செத்த வரிகள்!

கணினி தன் ஏட்டை வரிவரியாக எடுப்பதில்லை. 8 கிலோபைட் அளவுள்ள பக்கம் பக்கமாகவே எடுத்துப் படிக்கிறது. உயிருள்ள வரிகள் செத்த வரிகளுக்கிடையே சிதறிக் கிடந்தால், பத்துப் பக்கத்தில் முடியும் தேடலுக்கு இருநூறு பக்கங்களைப் புரட்ட நேரிடும். நூலின் பின்னால் பொருளகராதி இருப்பதுபோல, அட்டவணைக்கும் தேடலுக்கு உதவும் சுட்டுகள் உண்டு. செத்த வரிகளைக் காட்டும் குறிப்புகள் அவற்றிலும் நிறைந்துவிடுகின்றன. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அப்பக்கத்துக்குள் மட்டும் சிறிது ஒழுங்குசெய்துகொள்ளும் திறன் போஸ்ட்கிரெஸுக்கு உண்டு. எனினும் அது முழுத் துப்புரவுக்கு ஈடாகாது.

முழுத் துப்புரவைச் செய்யும் கட்டளைக்கு வாக்யூம் என்று பெயர். இது செத்த வரிகளை அகற்றி, அவ்விடத்தில் புதிய வரிகளை எழுதலாம் என்று குறித்துவைக்கிறது. இதன் துணையாக அனலைஸ் என்ற கட்டளையும் உண்டு. அது ஏட்டை ஆங்காங்கே மாதிரி பார்த்து, எந்த வகை வரி எத்தனை இருக்கும் என்ற புள்ளிவிவரத்தைத் தயாரிக்கிறது.

இந்தப் புள்ளிவிவரம் எதற்கு? ஒரு கேள்வி வந்ததும், எந்த வழியில் தேடினால் விரைவில் விடை கிடைக்கும் என்று தரவுத்தளம் முதலில் திட்டமிடுகிறது. வரிகள் சில என்றால் ஒரு வழி. பல ஆயிரம் என்றால் வேறு வழி. புள்ளிவிவரம் பழையதாகிவிட்டால், இம்மாதத்து வரவு செலவு 80,000 இருக்கையில், விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளதென்று கருதித் தவறான வழியைத் தேர்ந்தெடுத்துவிடும். சந்தைக்குப் போய் நூறு கிலோ அரிசியை ஒவ்வொரு பிடியாக வீட்டுக்குச் சுமந்து வருவதற்கு இது ஒப்பாகும்.

தொடக்கத்தில் இவ்விரண்டு வேலைகளையும் மனிதரே நினைவு வைத்துக் கட்டளையிட வேண்டியிருந்தது. மறந்தவர்கள் பலர். ஆகவே தானாகவே செய்யும் ஒரு பணியாளை உருவாக்கினார்கள். ஆட்டோவாக்யூம் என்பது அதன் பெயர். 2003இல் அது துணைப் பொருளாக வந்தது. 2005இல் வந்த 8.1 பதிப்பில் தரவுத்தளத்தின் உள்ளுறுப்பாயிற்று. 2008இல் வந்த 8.3 பதிப்பு முதல், நாம் சொல்லாமலே வேலை செய்யும்படி அமைக்கப்பட்டுள்ளது.

இப்பணியாள் எப்போது துடைப்பத்தை எடுக்கிறது? வழக்கமான அமைப்பில் அது நிமிடத்திற்கு ஒரு முறை விழித்துப் பார்க்கும். ஓர் அட்டவணையில் செத்த வரிகளின் எண்ணிக்கை, மொத்த வரிகளில் நூற்றுக்கு 20 பங்கும் அதன்மேல் 50 வரிகளும் என்ற அளவைத் தாண்டினால் வாக்யூம் செய்யும். மாறிய வரிகள் நூற்றுக்கு 10 பங்கும் 50 வரிகளும் என்ற அளவைத் தாண்டினால் அனலைஸ் செய்யும். பெருகும் விதிக்கு ஸ்கேல் ஃபேக்டர் என்றும், அந்த 50க்குத் திரெஷ்ஹோல்ட் என்றும் பெயர். கணினியில் 20 பங்கு 0.2 என்றும், 10 பங்கு 0.1 என்றும் எழுதப்பட்டிருக்கும்.

சிறிய அட்டவணைக்கு இவ்வளவு போதும். 40,000 உறுப்பினர் என்றால், 8,050 செத்த வரிகள் சேர்ந்ததும் துப்புரவு நடக்கும்; நாம் சொன்ன கணக்குப்படி மாதத்திற்குப் பத்து முறை. ஆனால் 10 இலட்சம் வரிகள் உள்ள அட்டவணைக்கு 200,050 செத்த வரிகள் சேரும்வரை பணியாள் அசையாது. 50 இலட்சம் வரிகள் கொண்ட வரவு செலவுப் பேரேட்டில் புள்ளிவிவரம் புதுப்பிக்கப்பட 500,050 மாற்றங்கள் வேண்டும். மாதம் 80,000 வரிகள் எழுதப்படும் சங்கத்தில் ஆறு மாதத்திற்கு ஒரு முறைதான் அது நிகழும். ஏடு பெருகப் பெருகத் துப்புரவு தள்ளிப்போகிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே முதல் திருத்தம் யாதெனில், பெரிய அட்டவணைக்கு விகிதத்தைக் குறைப்பது. எல்லா அட்டவணைக்கும் ஒரே அளவு வேண்டியதில்லை. ஒவ்வோர் அட்டவணைக்கும் தனித்தனியே அமைக்கலாம். அந்த வரவு செலவுப் பேரேட்டிற்கு அனலைஸ் விகிதத்தை 0.1 என்பதிலிருந்து 0.01 ஆக்கினால், 50,050 மாற்றங்களுக்கு ஒரு முறை, அதாவது ஒரு மாதம் முடிவதற்குள்ளேயே புள்ளிவிவரம் புதிதாகிவிடும். உறுப்பினர் இருப்பு அட்டவணைக்கு வாக்யூம் விகிதத்தை 0.05 ஆக்கினால், 2,050 செத்த வரிகளுக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு தடவைக்கு மேலாகவே துப்புரவு நடக்கும். ஒவ்வொரு தடவையும் குப்பை கொஞ்சம், வேலையும் கொஞ்சம்.

அப்படியானால் விகிதத்தைப் பூச்சியமாக்கிவிடலாமா? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. செத்த வரிகளை அகற்றும்போது பொதுவாக அட்டவணையின் சுட்டுகள் அனைத்தையும் பணியாள் புரட்ட வேண்டியுள்ளது. நிமிடந்தோறும் அதைச் செய்தால் அதுவே பாரமாகும். சிறிது குறைத்து, ஒரு வாரம் கவனித்து, மீண்டும் திருத்துவதே முறை.

இரண்டாவது, பணியாளின் வேகம். அலுவலக வேலைக்கு இடையூறு செய்யக்கூடாது என்பதற்காக, சிறிது வேலை செய்து சிறிது ஓய்வெடுக்கும்படி அதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். அந்த ஓய்வு முன்பு 20 மில்லிவிநாடியாக இருந்தது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் அதை 2 மில்லிவிநாடியாகக் குறைத்தார்கள். ஓய்வுக்குமுன் செய்யலாகும் வேலைக்கு 200 என்ற எல்லையும் உண்டு. பெரிய அட்டவணையைச் சுத்தம் செய்வதற்குள் அடுத்த குப்பை சேர்ந்துவிடுமானால், இந்த எல்லையை உயர்த்தலாம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். வழக்கமாக ஒரே சமயத்தில் மூன்று பணியாள்கள் வேலை செய்யலாம். அதை ஆறாக்கினால் வேலை இரட்டிப்பாகும் என்று எண்ணுகிறார்கள். ஆனால் அந்த 200 என்ற எல்லையை எல்லாப் பணியாள்களும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரே பானைச் சோற்றுக்கு ஆளைக் கூட்டினால் ஒவ்வொருவர் தட்டிலும் சோறுதானே குறையும்? ஆளைக் கூட்டும்போது எல்லையையும் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, பணியாளுக்குத் தடையாக நிற்பவரை அகற்றுவது. ஒருவர் கணினியில் ஒரு நடவடிக்கையைத் தொடங்கிவிட்டு, முடிக்காமல் அப்படியே விட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுகிறார் என்போம். அவர் திரும்பி வந்து பழைய வரியைக் கேட்கக்கூடும் என்பதால், அவர் தொடங்கிய பிறகு செத்த வரிகளைப் பணியாள் தொடாது. துடைப்பத்தோடு வந்து, வெறுங்கையோடு திரும்பும். எத்தனை விகிதத்தைக் குறைத்தாலும் பயனிராது. இப்படி வேலையின்றித் திறந்து கிடக்கும் நடவடிக்கையைக் குறித்த நேரத்தில் தானாக மூடும் வசதி 2016இல் வந்த 9.6 பதிப்பு முதல் உள்ளது. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, நோயை எப்படிக் கண்டறிவது? எதையும் மாற்றுவதற்குமுன் பார்க்க வேண்டும். பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸ் என்ற பட்டியலைக் கேட்டால், ஒவ்வோர் அட்டவணையிலும் உயிருள்ள வரி எத்தனை, செத்த வரி எத்தனை, கடைசியாக எப்போது துப்புரவு நடந்தது, எப்போது புள்ளிவிவரம் எடுக்கப்பட்டது என்பதைத் தரவுத்தளமே சொல்லும். பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்பது, யார் எந்த நடவடிக்கையை எவ்வளவு நேரமாகத் திறந்து வைத்திருக்கிறார் என்று காட்டும். மெதுவாக ஓடும் கேள்வியின்முன் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்று சேர்த்துக் கொடுத்தால், எத்தனை வரி வருமென்று அது நினைத்தது, உண்மையில் எத்தனை வந்தது என்பது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் புள்ளிவிவரத்தின்மேல் ஐயம் கொள்க. இவ்விரண்டும் சரியாக இருந்து, குப்பையும் குறைவென்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. தேவையான சுட்டு இல்லாமலிருக்கலாம், கேள்வியே தவறாக எழுதப்பட்டிருக்கலாம். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லை.

அந்தச் சங்கத்துப் பட்டியலில் எங்கள் மாணவர் கண்டது என்ன? இருப்பு அட்டவணையில் கடைசித் துப்புரவு நாள் என்ற இடம் வெறுமையாக இருந்தது. கணினியை அமைத்துக் கொடுத்தவர், பகலில் பணியாள் ஓடினால் வேகம் குறைகிறது என்று கருதி, அந்த அட்டவணைக்கு மட்டும் அதை நிறுத்திவைத்திருந்தார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். களையெடுப்பவர் நடந்தால் பாதையில் மண் சிந்துகிறது என்று களையெடுப்பையே நிறுத்தியது போலாயிற்று.

நிறுத்துவதில் இன்னும் பெரிய ஆபத்தும் உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்திற்கும் வரிசை எண் கொடுக்கிறது. அவ்வெண் சுற்றிச் சுற்றி வருவது. ஏறத்தாழ 200 கோடிக்கு அப்பால் பழையது எது, புதியது எது என்று பிரித்தறிய முடியாது. பழைய வரிகளுக்கு ‘இது என்றும் செல்லும்’ என்று முத்திரையிடுவதும் வாக்யூமின் வேலையே. அவ்வேலை பின்தங்கி எல்லை நெருங்கினால், கணக்கைக் காக்கும்பொருட்டுத் தரவுத்தளம் புதிதாக எழுதுவதையே மறுத்துவிடும். 2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்ட்ரி என்னும் இணையச் சேவை இக்காரணத்தால் தடைப்பட்டதை அவர்களே வெளியிட்டுப் பிறருக்குப் பாடமாக்கினார்கள். இந்த ஆபத்துக்கு அஞ்சியே, நாம் நிறுத்தியிருந்தாலும், வரிசை எண் 20 கோடி வயதைக் கடந்ததும் பணியாள் கட்டாயமாக எழுந்துவரும்படி அமைத்திருக்கிறார்கள். அப்படி வரும்போது, அலுவலகத்தின் நெரிசல் நேரமா என்று அது பார்ப்பதில்லை.

சங்கத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். சாதாரண வாக்யூம் இடத்தை மீண்டும் பயன்படுத்தத் தருமே தவிர, வீங்கிய ஏட்டைப் பெரும்பாலும் சுருக்காது. ஓராண்டுக்கு மேற்பட்ட வீக்கத்தைக் குறைக்க, ஏட்டையே புதிதாகப் பெயர்த்தெழுதும் வாக்யூம் ஃபுல் என்ற கட்டளை தேவைப்பட்டது. அது நடக்கும்போது அந்த அட்டவணையை வேறு யாரும் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. பெயர்த்தெழுத இடமும் வேண்டும். ஆகவே முதலில் கணக்குக்கு மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு, அலுவலகம் மூடிய பிறகு ஓர் இரவில் அதைச் செய்தார். பின்பு பணியாளை மீண்டும் இயங்கவிட்டு, அட்டவணைக்கேற்ற விகிதங்களை அமைத்தார். ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டிய எண்களை ஒரு தாளில் எழுதி எழுத்தரின் மேசையில் ஒட்டினார்.

அடுத்த மாதக் கடைசியில் வரிசையில் நின்றவர்கள் அன்றே வேலைக்குத் திரும்பினார்கள். புதிய கணினி வாங்கும் தீர்மானம் கைவிடப்பட்டது. உறுப்பினர் பணம் உறுப்பினரிடமே நின்றது. ஆனால் அந்தத் தாய் இழந்த கூலியை யாரும் திருப்பித் தரவில்லை. இத்தகைய இழப்பு எந்தக் கணினியின் பட்டியலிலும் வருவதில்லை. அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் கணினியைப் பராமரிப்பவர்களே.

வேகம் வேண்டுமென்று துப்புரவை நிறுத்தாதீர்கள். பெரிய துப்புரவுக்கென்று குப்பையைச் சேர்த்தும் வைக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, உரிய நேரத்தில், இடைவிடாமல் செய்யுங்கள். தோட்டத்தில் நம் பெற்றோர் களைவெட்டியோடு செய்துகாட்டிய அந்த ஒழுங்கையே நம் பிள்ளைகள் கணினியில் செய்யப்போகிறார்கள்.